குட்டையனின் இரண்டு குச்சிகள்

காலை ஐந்து மணிக்குப் போன் அடித்தது. மாட்டுக் கொட்டகையைப் பார்த்துக்கொள்கிறவர்தான். எடுத்ததும் வணக்கமும் இல்லை, நலம் விசாரிப்பும் இல்லை.

"அக்கா, செம்பி கத்துது."

ஊசியம்மா எழுந்து உட்கார்ந்தாள். தூக்கம் போன இடம் தெரியவில்லை.

"எப்போலேர்ந்து?"

"தெரியலைக்கா. நான் நாலரைக்குக் கொட்டகைக்கு வந்தேன், அப்பவே கத்திட்டுத்தான் இருந்துச்சு. தீவனத்தைத் தொடலை. பக்கத்து மாட்டு மேல தாவுது. பின்னால வழும்பு கண்ணாடி மாதிரி தொங்குது."

"வேற யார்கிட்டயும் சொல்லாத. இதோ வர்றேன்."

அவளுக்கு வேறு பெயர் உண்டு. ஆனால் இருபத்தைந்து வருஷமாக மாடுகளுக்குச் சினை ஊசி போட்டுப் போட்டு, வீட்டு வாசலில் வந்து நிற்கிறவர்கள் எல்லாரும் ஊசியம்மா என்றே கூப்பிடுகிறார்கள். அவள் கணவரே ஒருமுறை வாய் தவறி அப்படிக் கூப்பிட்டுவிட்டு இரண்டு நாள் சாப்பாட்டுக்குத் தடுமாறினார். அவள் தொழிலில் மொத்தப் பாடமும் கொஞ்சம்தான். மாடு பருவத்துக்கு வந்தால் கத்தும். சரியான நேரம் பார்த்து ஊசி போட வேண்டும். சினை பிடித்துவிட்டால் இருபத்தோராம் நாள் மாடு சத்தம் காட்டாமல் அசை போட்டுக்கொண்டிருக்கும். பிடிக்காவிட்டால் அன்றைக்கு மறுபடியும் கத்தும். இவ்வளவுதான். மீதியெல்லாம் நேரம் பார்ப்பதுதான்.

அந்த நேரம் பார்ப்பதில்தான் செம்பி மோசக்காரி. நாட்டு மாடு. குட்டையான உடம்பு, செம்மண் நிறம், கைமுட்டி அளவுக்குத் திமில். கறுப்பு வெள்ளைச் சீமை மாடு பருவத்துக்கு வந்தால் ஒரு நாள் முழுக்கக் கத்தி ஊரையே கூட்டும். நாட்டு மாடு அரை நாளுக்குள் எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு ஒன்றும் தெரியாத மாதிரி நிற்கும். அதிலும் செம்பிக்குப் பன்னிரண்டு வயதாகிவிட்டது. கடைசியாகக் கத்தியது ஐந்து மாதத்துக்கு முன்பு. அப்போது ஊசியம்மா டைபாய்டு வந்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாள். இனிமேல் கத்தவே கத்தாது என்று முடிவு கட்டி அழுதும் ஆயிற்று.

அழுததற்குக் காரணம் இருந்தது. அந்த வட்டாரத்து மாடுகள் எல்லாம் கறுப்பு வெள்ளையாக மாறியதில் பாதிப் பங்கு அவள் கையுடையது. அப்போது எல்லாருக்கும் பால் வேண்டும். நாட்டு மாடு இரண்டு லிட்டர் கறந்தால் பெரிய விஷயம். சீமை மாடு இருபது கறக்கும். கேட்டவர்களுக்கெல்லாம் போட்டாள். சிவப்பு மாடுகள் ஒன்றொன்றாகக் கலந்து, மங்கி, காணாமல் போயின. பிறகு ஒரு கோடையில் உண்ணிக் காய்ச்சல் வந்து கறுப்பு வெள்ளைகள் வரிசையாகப் படுத்துக்கொண்டபோது, பக்கத்தில் இரண்டு மூன்று கிழட்டுச் சிவப்புகள் மட்டும் காய்ந்த வைக்கோலை மென்றுகொண்டு நின்றன. அன்றைக்குத் தன்னையே திட்டிக்கொள்ள ஆரம்பித்தாள். இன்றுவரை நிறுத்தவில்லை.

குட்டையன் என்று ஒரு காளை அரசாங்கக் காளைப் பண்ணையில் இருந்தது. கலப்பில்லாத சிவப்பு. அது செத்துப் பன்னிரண்டு வருஷம். பண்ணையை மூடியபோது, தூக்கிக் கொட்டப்போன அதன் உறைவிந்துக் குச்சிகளில் கொஞ்சத்தைக் கெஞ்சி வாங்கித் தன் நைட்ரஜன் கேனில் போட்டுக்கொண்டாள். பதினைந்து நாளைக்கு ஒருமுறை நைட்ரஜன் நிரப்பி, பச்சைக் குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்து வந்தாள். போட்ட மாடுகளில் சில பிடிக்கவில்லை. பிடித்த சிலதை விற்றுவிட்டார்கள். இப்போது மீதி இரண்டே குச்சி. சிவப்பில் மீதி ஒரே மாடு, செம்பி. ஒரு கிடேரிக் கன்று பிறந்துவிட்டால் போதும், இன்னும் பத்து வருஷம் இழுத்துப் பிடிக்கலாம் என்பது அவள் கணக்கு. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் குற்றத்தை ஒப்புக்கொண்டது மாதிரி ஆகிவிடும் என்று தோன்றும்.

கொட்டகை, நாட்டுப் பசு பாதுகாப்புச் சங்கத்துக்குச் சொந்தம். முப்பத்திரண்டு மாடுகள், ஒரு காளை. காளைக்கு மகாராஜா என்று பெயர், நடப்பும் அப்படித்தான். பக்கத்துக் கோயிலுக்கு வருகிறவர்கள் எல்லாரும் ஒரு சீப்பு வாழைப்பழமும் ஒரு கட்டி வெல்லமும் வாங்கிவந்து அதன் வாயில் திணித்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். பக்தி மிகுந்து போய் அது இப்போது முன்னங்காலைத் தூக்கி ஒரு மாட்டின் மேல் வைக்க முடியாத நிலையில் இருந்தது. ஊசியம்மா ஒருமுறை அதனிடமிருந்து விந்து எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தாள். ஒன்றும் நீந்தவில்லை. இதைச் சங்கத்தில் சொன்னபோது நாலு பேர் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

சினை ஊசி என்றாலே சங்கத்துக்கு ஆகாது. தாய்க்கு ஊசி போடுவதா என்பார்கள். தலைவர் மட்டும் தனியாக வந்து, "நீங்க போடுங்கம்மா, ஆனா யாருக்கும் தெரிய வேண்டாம்," என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொல்லியிருந்தார். அவருக்கு இரும்புக் கடை. நல்ல மனிதர். ஒரு மாட்டுக்கு வயிறு உப்பியபோது கடையைப் பூட்டிவிட்டு இரண்டு நாள் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவர். பசு என்று வாயெடுத்தால் அவர் குரல் தானாகவே தழைந்துவிடும். அந்தப் பசு கன்று போட என்ன நடக்க வேண்டும் என்று பேச்சு வந்தால் மட்டும் அவருக்கு வேறு அவசர வேலை வந்துவிடும்.

ஊசியம்மா கொட்டகைக்குப் போய்ச் சேர்ந்தபோது ஆறு மணி. பார்த்தாள், தொட்டாள், கணக்குப் போட்டாள். நடுராத்திரிக்கு ஆரம்பித்திருக்கலாம். பகல் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை சரியான நேரம். நாலைத் தாண்டினால் சந்தேகம். முன்னால் போட்டாலும் வீண்.

"பன்னெண்டு மணிக்கு இங்கேயே கட்டி வச்சிரு," என்றாள்.

கொட்டகைக்காரர் தலையைச் சொறிந்தார். அவளைவிடப் பத்து வயது இளையவர். மாடுகளிடம் பேசும் அளவுக்கு மனிதர்களிடம் பேசமாட்டார். "அக்கா, இன்னிக்கு மாநாடு."

அவளுக்கு அது மறந்தே போயிற்று. நாட்டுப் பசுவைக் காப்பதன் அவசியம் பற்றி ஊர் மண்டபத்தில் மாநாடு. ஒரு மாதமாகச் சுவரெல்லாம் அதே போஸ்டர். ஏழு மணிக்குத் தலைவர் லாரியோடு வந்து இறங்கினார்.

"தலைவரே, செம்பி பருவத்துக்கு வந்திருக்கு."

தலைவர் லாரி டிரைவரைத் திரும்பிப் பார்த்தார். "மெதுவாப் பேசுங்கம்மா."

"மேடைக்கு வேற மாட்டைக் கூட்டிட்டுப் போங்க."

"எதைக் கூட்டிட்டுப் போறது? அழைப்பிதழ்ல இதோட போட்டோதான் போட்டிருக்கு. கலப்பில்லாத கடைசி நாட்டுப் பசுன்னு பேனர் வேற அடிச்சாச்சு. மத்ததெல்லாம் கலப்பு. பேச வர்றவர் பெரிய படிப்பாளி, ஒரு பார்வையிலயே கண்டுபிடிச்சிருவார்."

"பன்னெண்டு மணிக்கு எனக்கு மாடு வேணும். ஒரு மணிக்காவது."

"பத்துக்கு ஆரம்பிச்சு ஒரு மணிக்கு டாண்ணு முடிஞ்சிரும். சாப்பாட்டு நேரத்துல மாடு உங்க கையில இருக்கும். என் பொறுப்பு."

அவள் தொழிலில் பொறுப்பை வாயால் ஏற்றவர்கள் பலரைப் பார்த்திருக்கிறாள். கேனை வண்டியில் வைத்துக் கட்டி, பிளாஸ்க்கில் வெந்நீர் நிரப்பிக்கொண்டு, லாரிக்குப் பின்னாலேயே மண்டபத்துக்குப் போனாள்.

மேடைக்குப் பின்பக்கம் ஒரு சின்ன அறை. உடைந்த நாற்காலிகள், சுருட்டி வைத்த ஜமுக்காளங்கள், மூலையில் ஒரு கை கழுவும் தொட்டி. அங்கிருந்து ஒரு திரை தாண்டினால் மேடை. செம்பியைக் குளிப்பாட்டி, சந்தனம் பூசி, கழுத்து கொள்ளாமல் மாலை போட்டு மேடையின் ஓரத்தில் நிறுத்தியிருந்தார்கள். காலடியில் வைக்கோல். கொட்டகைக்காரர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, கல்யாண வீட்டில் தெரியாமல் முதல் வரிசையில் உட்கார்ந்துவிட்டவர் மாதிரி நின்றார். மண்டபத்தில் ஐந்நூறு பேர் இருக்கும்.

பத்து மணிக்குப் பேச்சாளர் வரவில்லை. பதினொன்றுக்குப் பக்கத்து ஊரில் இருப்பதாகத் தகவல் வந்தது. பன்னிரண்டுக்கும் அதே பக்கத்து ஊரில்தான் இருந்தார். ஊசியம்மா தலைவரைத் திரை மறைவுக்குக் கூப்பிட்டாள்.

"சும்மாதானே நிக்குது. பதினஞ்சு நிமிஷம் இறக்கிக் கொடுங்க. முடிச்சு ஏத்திடறேன்."

"அவர் கார் நம்ம ரோட்டுக்குத் திரும்பிருச்சாம்மா. மாலை போட்டு மேடையில நிறுத்தின பசுவை இறக்கினா ஜனங்க என்ன நினைப்பாங்க? எதுக்குன்னு கேட்டா நான் என்னத்தைச் சொல்றது?"

 எதுக்கென்று ஐந்நூறு பேர் முன்னால் அவளாலும் சொல்ல முடியாது. ஒரு மணி இருபதுக்குப் பேச்சாளர் வந்தார். வரவேற்புரை, வாழ்த்துரை, அறிமுகவுரை எல்லாம் முடிந்து அவர் மைக்கைப் பிடித்தபோது இரண்டேகால்.

உண்மையைச் சொல்ல வேண்டும், நன்றாகத்தான் பேசினார். பசுவின் உடம்பில் எல்லாத் தெய்வமும் குடியிருப்பதை ஒவ்வொரு இடமாகச் சொன்னார். நம் மண்ணுக்கென்று பிறந்த பசுவை விட்டுவிட்டுப் பாலுக்காக வேறு பசுவைத் தேடினோமே, அது பெற்றவளைத் தெருவில் விட்டது போலல்லவா என்றார். முன்வரிசையில் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். திரைக்குப் பின்னால் ஊசியம்மாவும் முந்தானையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அந்தக் குற்றம் அவளுடையதுதானே. தன்னைப் பார்த்தே பேசுவதுபோல இருந்தது.

அந்த நேரம் பார்த்துச் செம்பி தலையைத் தூக்கி நீளமாகக் கத்தியது.

"பாருங்கள்!" பேச்சாளர் கையை உயர்த்தினார். "தாயே ஆமோதிக்கிறாள்!"

மண்டபம் கைதட்டலில் அதிர்ந்தது. அடுத்த கால் மணி நேரத்தில் தாய் நாலு தடவை ஆமோதித்தாள். நாலு தடவையும் கைதட்டினார்கள். கொட்டகைக்காரர் மட்டும் திரைப் பக்கம் திரும்பிப் பரிதாபமாகப் பார்த்தார்.

மூன்று மணி பத்து நிமிடம். பேச்சாளர் ஒரு மிடறு தண்ணீர் குடித்தார். "இறுதியாக ஒன்றைச் சொல்லி விடைபெறுகிறேன்," என்றார்.

ஊசியம்மா பரபரவென்று வேலையைத் தொடங்கினாள். வெந்நீரைக் குவளையில் ஊற்றித் தெர்மாமீட்டரை விட்டாள். முப்பத்தேழு டிகிரி. கேனைத் திறந்தாள், வெள்ளைப் புகை வழிந்தது. இடுக்கியால் ஒரு குச்சியை எடுத்து வெந்நீரில் போட்டாள். முப்பது நொடி. துடைத்து, நுனியை வெட்டி, நீள எஃகு ஊசியில் ஏற்றினாள். இடது கையில் தோள்வரைக்கும் பிளாஸ்டிக் உறை மாட்டினாள். உறைந்த குச்சி இளகிவிட்டால் சில நிமிஷம்தான் உயிர். திரும்ப உறைய வைக்க முடியாது.

"இறுதியாக" என்ற சொல்லை நம்பியதுதான் அவள் செய்த தப்பு. மேடைப் பேச்சில் அதற்குப் பொருள் வேறு என்பது அவளுக்குத் தெரியாது, தொழுவத்திலேயே வாழ்ந்தவள். பேச்சாளர் அந்த ஒன்றைச் சொன்னார். அதிலிருந்து இன்னொன்று கிளைத்தது. முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தான் என்று ஆரம்பித்தார்.

ஊசியம்மா ஊசியை உடம்புச் சூட்டில் வைத்திருக்க ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு திரை இடுக்கில் கைகாட்டினாள். கொட்டகைக்காரர் கயிற்றை இழுத்துச் செம்பியைத் திருப்பப் பார்த்தார். தொண்டர் ஒருவர் ஓடிவந்து அவர் தோளைத் தட்டி நிறுத்தினார். தலைவர் முதல் நாற்காலியில் கண்ணை மூடிக் கைகூப்பி உட்கார்ந்திருந்தார். இன்னும் ஐந்தடி வைத்தால் மேடை. போய்க் கயிற்றைப் பிடித்து மாட்டை இறக்கிவிடலாம். தோள்வரை உறை மாட்டிய கையோடு, ரவிக்கையில் ஊசியோடு, அத்தனை பேர் பார்க்க. கால் நகரவில்லை. வெட்கம். ஐம்பத்தொரு வயதில், இதுவே தொழிலாக இருக்கும் ஒருத்திக்கு வெட்கம்.

ராஜா காட்டுக்குப் போய்த் திரும்பி வருவதற்குள் குச்சி செத்துவிட்டது. அவள் ஊசியை எடுத்துத் தொட்டிக்குள் எறிந்தாள். பன்னிரண்டு வருஷம் காப்பாற்றியது. பல்லைக் கடித்துக்கொண்டு ராஜாவையும், பேச்சாளரையும், தன்னையும் சேர்த்து வைதாள்.

நாலு மணிக்கு மேல் செம்பி கத்துவதை நிறுத்தியது. தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு சும்மா நின்றது.

"தாய் மெய்மறந்து கேட்கிறாள்," என்றார் பேச்சாளர்.

நன்றியுரை முடிய ஐந்தே முக்கால் ஆயிற்று. மண்டபத்துக்குப் பின்னால், சைக்கிள் நிறுத்தும் கம்பியில் செம்பியைக் கட்டினார்கள். வழும்பு கெட்டியாகிவிட்டிருந்தது.

"அக்கா, நேரம் போயிருச்சு," என்றார் கொட்டகைக்காரர். "இந்த ஒண்ணை வச்சிருப்போம். அடுத்த தடவை பார்க்கலாம்."

"அடுத்த தடவைன்னு ஒண்ணு வருமா? போன தடவைக்கும் இதுக்கும் அஞ்சு மாசம். வயசு பன்னெண்டு."

"இருந்தாலும்…"

"பிடி கயிறை."

காலையிலிருந்து காத்திருந்த கோபம் அவள் கையில் இருந்தது. வெறுங்கையோடு வீட்டுக்குப் போக அந்தக் கை சம்மதிக்கவில்லை. இரண்டாவது குச்சியை இளக்கினாள், போட்டாள். பாதி வேலையில் தலைவர் மாலை மூட்டையோடு அந்தப் பக்கம் வந்தார். பார்த்ததும் சட்டென்று சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

"ஏன் திரும்பிக்கிறீங்க? நல்லாப் பாருங்க," என்றாள் ஊசியம்மா. கை மாட்டின் உள்ளேயே இருந்தது. "காப்பாத்துறதுன்னா இதுதான். மாலை போடுறது இல்லை. மதியமே செய்ய வேண்டியது. உங்க ஆள் இறுதியாக இறுதியாகன்னு சொல்லி ஒரு குச்சியைக் கொன்னுட்டார். இதுவும் பிடிக்குமான்னு தெரியாது."

தலைவர் சுவரைப் பார்த்தபடியே நின்றார். "இப்படி ஆகும்னு எனக்குத் தெரியலைம்மா," என்றார். மூட்டையை அங்கேயே வைத்துவிட்டுப் போனார்.

ஊசியம்மா காலண்டரில் இருபத்தோராம் நாளை வட்டம் போட்டாள். பத்தாம் நாள், பதினைந்தாம் நாள் போய்ப் பார்த்தாள். செம்பி நன்றாகத் தின்றது. இருபதாம் நாள் சாயங்காலம் அதன் முதுகைத் தடவிக்கொடுத்தபோது, கிடேரியாகப் பிறந்தால் என்ன பெயர் வைக்கலாம் என்றுகூட யோசித்துவிட்டாள். நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

மறுநாள் காலை ஐந்தேகாலுக்குப் போன் அடித்தது.

"அக்கா, செம்பி கத்துது."

இந்த முறை எப்போலேர்ந்து என்று அவள் கேட்கவில்லை. போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தாள். ஐந்து மாதம் கத்தாத மாடு, மணி அடித்தாற்போல இருபத்தோராம் நாள் கத்துகிறது. அந்த ஒரு குச்சியை வைத்திருந்தால். வைத்திருந்தால் என்று ஆரம்பிக்கிற எதையும் அதற்கு மேல் நினைக்கக்கூடாது என்று எழுந்து முகம் கழுவினாள். பழக்கதோஷத்தில் கேனையும் வண்டியில் கட்டிக்கொண்டாள். உள்ளே முப்பது குச்சிகள் இருந்தன. எல்லாம் கறுப்பு வெள்ளை.

கொட்டகையில் தலைவர் நின்றுகொண்டிருந்தார். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். ஒரு ஸ்டூலின் மேல் புது பிளாஸ்க், புதுக் குவளை, அதற்குள் ஒரு தெர்மாமீட்டர். குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"முப்பத்தேழுதானேம்மா? கொட்டகைக்காரர்கிட்ட கேட்டுத் தெரிஞ்சுகிட்டேன். நீங்க வர்ற வரைக்கும் ஆறாம வச்சிருக்கேன்."

அவள் கேனை வண்டியிலிருந்து இறக்கவில்லை.

"கமிட்டில எல்லார்கிட்டயும் நானே சொல்லிட்டேன். இப்படித்தான் செய்யணும், இதுல வெட்கப்பட ஒண்ணும் இல்லைன்னு வாயைத் திறந்து சொல்லிட்டேன். ரெண்டு பேர் எழுந்து போனாங்க, போகட்டும். இன்னிக்குக் கடையும் லீவு. எத்தனை மணிக்குப் போடணும்? பன்னெண்டா? ஒண்ணா? அதுவரைக்கும் ஒரு ஆளை உள்ள விடமாட்டேன்."

"குச்சி இல்லைங்க."

"இல்லைன்னா?"

"இருந்ததே ரெண்டுதான். அன்னிக்கோட தீர்ந்துபோச்சு."

"அவ்வளவுதானே? ஆர்டர் போடுவோம்." அவர் சட்டைப்பையில் பேனாவைத் தேடினார். முப்பது வருஷ இரும்புக் கடைக்காரர். கடையில் இல்லாத சரக்கு என்றால் வேறெங்கோ இருக்கிற சரக்கு. "எந்தக் கம்பெனி? சொல்லுங்க, நானே நேர்ல போய் வாங்கிட்டு வர்றேன்."

"கம்பெனி இல்லைங்க. அது ஒரு காளை. செத்துப் பன்னெண்டு வருஷம் ஆச்சு. அந்த ஜாதியில வேற காளை இல்லை. இவளுக்கு அப்புறம் யாரும் இல்லை, அவ்வளவுதான்."

தலைவர் பேனாவோடு நின்றார்.  முகத்திலிருந்து சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

"இதை ஏம்மா அன்னிக்கே சொல்லலை?"

"சொல்லியிருந்தா?"

"ரெண்டே ரெண்டுதான் இருக்கு, போனா வராதுன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நானே மைக்கைப் பிடுங்கி அவரை உட்கார வச்சிருப்பேன்."

செய்திருப்பாரா என்பது அவளுக்குத் தெரியாது. செய்திருக்கலாம். கடையைப் பூட்டிவிட்டு மாட்டுப் பக்கத்தில் இரண்டு நாள் உட்கார்ந்தவர். அவர் வாயைத் திறக்க வெட்கப்பட்டார் என்று இருபத்தோரு நாளாக மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தாள். அவளும்தான் திறக்கவில்லை.

கொட்டகைக்காரர் செம்பியைத் தூணோடு சேர்த்துக் கட்டியிருந்தார். சொல்லாமலே செய்து வைத்திருந்தார். இப்போது அவிழ்ப்பதா வேண்டாமா என்று தெரியாமல் முடிச்சின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். தலைவர் குவளைப் பக்கம் திரும்பித் தெர்மாமீட்டரை வெளியே எடுத்துப் பார்த்தார்.

"முப்பத்தாறு ஆயிருச்சும்மா," என்றார்.

செம்பி தலையைத் தூக்கி நீளமாகக் கத்தியது. அது என்ன சொல்கிறது என்று அங்கே நின்ற மூன்று பேருக்கும் தெரியும்.